அம்மாவின் பெயர் வருவதற்கு முன்

மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, அது மாமா வீட்டில் யாருக்கும் அடங்கவில்லை என்பதால். பார்ப்பதற்குத் தடிமனான ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். அதை டிவியில் செருக வேண்டும். விளையாட்டுகள் கேசட்டில் இருந்தன. டேப் ரிக்கார்டரில் போட்டால் கீச்சுக் கீச்சென்று கத்தியபடி உள்ளே ஏறும், முக்கால்வாசியில் பிழை என்று சொல்லி நின்றுவிடும். மாமா மகன் அதை இரண்டு முறை கட்டிலில் தூக்கி எறிந்திருக்கிறான். மூன்றாவது முறை தரையில் எறிவதற்குள் மாமா அதை ஒரு துண்டில் சுற்றி எங்கள் அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

அக்கா அப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கூத்தாநல்லூரில் அந்த நாட்களில் பெண்பிள்ளைகள் பிளஸ் டூ வரை படித்ததே பெரிய காரியம். அத்தா, அதாவது எங்கள் அப்பா, சபராளி; பிழைப்புக்குக் கடல் கடந்து போனவர். சிங்கப்பூரில் ஒரு கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவார். அதனால் எங்கள் வீட்டில் எதற்கும் மாமாதான். அம்மாவின் ஒரே அண்ணன். மளிகை வாங்குவதிலிருந்து அக்காவுக்கு மாப்பிள்ளை பேசுவது வரை அவர் வாய்ச்சொல்லில்தான் நடந்தது. நல்ல மனிதர். எனக்கு அவர் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும்.

அக்கா அந்தக் கம்ப்யூட்டருடன் வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தாள். முதலில் டேப் ரிக்கார்டரின் மூடிக்குக் கீழே இருந்த ஒரு சின்னத் திருகைத் திருப்பி, சத்தம் கூர்மையாகும் இடத்தில் நிறுத்தினாள். கேசட் அதன்பிறகு நிற்கவில்லை. வயல்களில் பம்புசெட் ஓடும் நேரத்தில் கரண்ட் குறைந்து திரையில் எழுத்தெல்லாம் சுருங்கும் என்று கண்டுபிடித்து, ஸ்டெபிலைசரை ஃபிரிட்ஜிலிருந்து பிடுங்கி இதற்கு மாட்டினாள். அம்மாவுக்கும் அவளுக்கும் சண்டை வந்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். திரையின் கடைசி வரியில் தட்டிக்கொண்டே போய், பிறகு பின்னோக்கி அழித்தால் கம்ப்யூட்டர் உறைந்துவிடும் என்று தெரிந்ததும், கடைசி வரிக்கே போகாமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

அதில் தமிழ் எழுத்து கிடையாது. அக்கா கணக்கு நோட்டின் கட்டங்களைக் கருப்படித்து ஒவ்வொரு எழுத்தாக உண்டாக்கினாள். எந்தக் கட்டம் கருப்பு, எது வெள்ளை என்று நான் வாசிக்க, அவள் தட்டுவாள். என் பெயர் முதல்முறை திரையில் வந்தபோது நான் தெருவுக்கு ஓடி ஆள் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் டிவியில் இலங்கை ஒளிபரப்பில் படம் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆன்டெனா வயரைப் பிடுங்கிய கோபத்தில் அதை ரசிக்கவில்லை.

தமிழ் வந்ததோடு ஒரு புதுச் சிக்கலும் வந்தது. சொற்களை ஒட்டி ஒட்டி வாக்கியம் ஆக்கும்போது, கம்ப்யூட்டர் நடுவில் திடீரென்று மரத்துப்போகும். எந்தக் கீயைத் தட்டினாலும் அசையாது. கெட்டுவிட்டதென்று அணைத்துப் போட்டால் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். ஒருநாள் அப்படி நின்றிருந்தபோது அம்மா கூப்பிட்டு, அக்கா அணைக்காமல் எழுந்து போனாள். திரும்பி வந்து பார்த்தால் விட்ட இடத்திலிருந்து அது எழுதிக்கொண்டிருந்தது.

"கெட்டுப்போகலடி" என்றாள் என்னிடம். "உள்ளே குப்பை சேருது. இடம் நிறைஞ்சதும் வேலையை நிறுத்திட்டுக் கூட்டுது. நாமதான் பொறுத்துக்கணும்."

அந்த வருடம் எங்கள் நன்னா, அதாவது அம்மாவின் அத்தா, மௌத்தாகி அடங்கியிருந்தார். மன்னார்குடி சாலையில் அவருக்கு வயல் இருந்தது. அதில் குத்தகைக்குப் பயிர் செய்த குடும்பம், தங்கள் குத்தகையை அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்று மனுக் கொடுத்திருந்தது. பதிந்துவிட்டால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதற்குள் விற்றுவிட மாமா துடித்தார். அம்மாவும் சின்னம்மாவும் தங்களுக்குப் பாகம் வேண்டாமென்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை சுலபம். மாமா அதைப் பற்றிப் பேச வந்த ஒரு சாயங்காலம், திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, உன் பொட்டி பாகம் பிரிக்குமா?"

"பிரிக்கும் மாமா. அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க" என்றாள் அக்கா.

அது கடினமான கணக்கே இல்லை. ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்று மார்க்கம் சொல்வது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அக்கா அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து, வயலின் பெயர், யார் யாருக்கு எவ்வளவு, என்ன உறவு என்று முழு வாக்கியமாகத் தமிழில் வரும்படி செய்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மாமா வந்தார். அக்கா தட்டினாள். நன்னாவின் பெயர் வந்தது. வயலின் பெயர் வந்தது. மகன் என்று மாமாவின் பெயரும் பங்கும் வந்தன. மாமா தலையாட்டினார். அடுத்து 'மகள்' என்ற சொல் வந்து நின்றது. நின்றது நின்றதுதான்.

மாமா சற்றுநேரம் பார்த்தார். "உன் பொட்டிக்கே தெரியல போலிருக்கே."

"மாமா, கொஞ்சம் பொறுங்க. வந்துடும்" என்றாள் அக்கா.

"குப்பை கூட்டுது மாமா!" என்று நான் கத்தினேன்.

மாமா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டி சுவிட்சை அணைத்தார். திரை ஒரு புள்ளியாகச் சுருங்கிக் கருத்தது.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அக்கா முதல்நாளே பதிவு செய்து வைத்த கேசட்டில் எல்லாம் பத்திரமாக இருந்தது எனக்குத் தெரியும். ஓடிப்போய் எடுத்து வந்து அக்காவிடம் நீட்டினேன். அக்கா அதை வாங்கவில்லை. அவள் அடுப்படி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அம்மா டீ தம்ளரோடு நின்று, லேசாக, மிக லேசாகத் தலையை இடவலமாக அசைத்தாள். டீ ஆறுகிறது, அதைக் கொடு முதலில் என்கிறாள் போல என்று நான் நினைத்தேன்.

"அந்த கேசட் கெட்டுப்போச்சு" என்றாள் அக்கா.

மறுவாரம் அம்மா மாமாவோடு ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வந்தாள். சின்னம்மாவும் போட்டாள். வயலை ஒரு ரைஸ்மில்காரர் வாங்கினார். பயிர் செய்துகொண்டிருந்த குடும்பம் வாய்தா வாய்தாவாக அலைந்து, பிறகு திருப்பூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. மாமா அக்காவுக்கு நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தார், அதில் குறை சொல்ல முடியாது. அக்கா புகுந்த வீட்டுக்குப் போன பிறகு நான் அந்த கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். முதல் தடவையிலேயே ஏறியது. இவ்வளவு நன்றாக இருப்பதைக் கெட்டுப்போனதாக அக்கா எப்படி நினைத்தாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதை மேலே ஓடவிடாமல் விளையாட்டு கேசட்டைப் போட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு அம்மாவும் நானும் மன்னார்குடிக்கு பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறோம். ஜன்னலோரம் அம்மாதான் உட்காருவாள். ஊர் எல்லை தாண்டி அந்த வயல் வரும் இடத்தில், அம்மா என் பக்கம் முழுக்கத் திரும்பி, என் தலையைப் பிடித்து, பின்னலை அவிழ்த்து ரிப்பனை மறுபடி கட்ட ஆரம்பிப்பாள். வயல் தாண்டி வெகுதூரம் போகும்வரை கட்டிக்கொண்டிருப்பாள். வலிக்கிறது என்று நான் முனகுவேன். வீட்டில் ஒழுங்காகக் கட்டிவிடாமல் பஸ்ஸில் வந்து என்ன அவசரம் என்று எனக்கு எரிச்சலாக வரும்.