குழியை மூடிவிட்டு மிஷின் பார்க்கப் போனவன்

என் தம்பி சரவணமுத்துவுக்குச் சேலம் குகைப் பகுதியில் நல்ல நெசவாளி என்று பெயர். நெசவில் அவனைக் குறை சொல்ல எனக்கும் வழியில்லை. ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பவள் நான்தான். அவன் நெய்த சேலையைக் கரை நெடுக விரலால் தடவிப் பார்த்துத்தான் வெளியே அனுப்புவேன். தறியை விட்டு எழுந்தால்தான் அவனுக்குப் புத்தி கெடும். யோசிக்கிற முகத்தை வைத்துக்கொள்வான், யோசிக்க மாட்டான்.

யுத்தத்துக்கு முந்தின ஓர் ஐப்பசியில், செவ்வாய்ப்பேட்டை மெத்தைக்கடை ராசப்பன் அவன் காதில் ஒரு மிஷினைப் பற்றி ஓதினார். ஏற்காட்டுப் பங்களாக்காரர்கள் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை கேட்கிறார்கள். கையால் தைத்து மாளாது. சாதாரணத் தையல் மிஷினுக்குக் கழுத்து குட்டை, தடித்த போர்வையைச் சுருட்டி உள்ளே நுழைக்க முடியாது. ராசப்பன் மதராசிலிருந்து தருவித்த மிஷினுக்கோ கழுத்து ஒரு முழத்துக்கு மேல் நீளம். ஓட்ட ஆள் அமையாததால் விற்கப் பார்த்தார்.

"அக்கா, தறியில குனிஞ்சு குனிஞ்சு என்னத்தைக் கண்டோம்? அதுல காலை ஆட்டினாப் போதும், போர்வை தானா வந்து உழும்" என்றான்.

"இப்ப மட்டும் காலை ஆட்டாமயா நெய்யறே?"

"அது வேற, இது வேற. உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாதது இருக்கட்டும். நீ உக்காந்து ஓட்டிப் பாத்தியா?"

"வாங்கறதுக்கு முந்தி அடுத்தவன் பொருள்ல எப்படிக்கா உக்கார்றது?"

மாடு வாங்கப் போகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கூடம். கூடத்தின் நடுவில், நெய்கிறவன் காலை இறக்கி உட்கார்ந்து மிதிக்கும் தறிக்குழி. மிஷின் வைக்கக் குழியை மூட வேண்டும். மூடினால் தறி இல்லை. தறி இல்லையென்றால் அடுப்பு எரிய வேறு வழியும் இல்லை. ஓட்டிப் பார்த்த பிறகு குழியைத் தொடு என்று சொல்லிவிட்டு, ஒரு விசேஷத்துக்காக இளம்பிள்ளை ஊருக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தறியைப் பிரித்துச் சுவரில் சாய்த்திருக்கிறான். குழியில் மண் நிரம்பி, மேலே சாணமும் மெழுகியிருந்தது. நல்ல நாள் தவறிவிடுமாம்.

மறுநாள் அவனோடு நானும் கடைக்குக் கிளம்பினேன். அவன் மனைவி பூவாத்தாளையும் கூட்டிக்கொண்டேன்.

சரவணமுத்து வேட்டியை மடித்துக் கட்டி மிஷின் முன்னால் உட்கார்ந்தான். சிறுவயது முதல் தறியில் பழகிய கால்கள்: இடது மிதி, வலது மிதி. மிஷினுக்கோ ஒரே மிதிபலகை; முன்பாதத்தையும் குதிகாலையும் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். அவன் பலகையின் இடது ஓரத்தில் ஒரு மிதி, வலது ஓரத்தில் ஒரு மிதி வைத்தான். சக்கரம் முன்னே கொஞ்சம் போய்ப் பின்னே திரும்பியது. நூல் சிக்கி ஊசி முறிந்தது.

"மெதுவா மிதிங்க" என்றார் ராசப்பன்.

"மெதுவாத்தானுங்க மிதிக்கறேன். இரும்பு சரியில்லீங்க."

அடுத்த ஊசியும் முறிந்தது. ராசப்பன் ஊசி டப்பாவை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

"நீ உக்காரு பூவாத்தா" என்று அவளைத் தள்ளினேன். அவள் ஒருநாளும் தறிக்குழியில் இறங்கியதில்லை. மறக்க வேண்டிய பழக்கம் அவள் காலில் எதுவும் இல்லை. முதலில் கோணலாகப் போன தையல், போர்வையின் மறுகோடிக்குள் நேராகிவிட்டது.

"ஏனுங்க, ஓடுதுங்களே!" என்று புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "பொம்பளை ஓட்டற மிஷினு நமக்கெதுக்கு? வேண்டாமுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான். ஒரு குடும்பத்தின் பிழைப்பை முடிவு செய்ய அவனுக்கு அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து குழியைத் தோண்டினான். அடைமழையில் மண் ஊறித் தோண்டத் தோண்டச் சரிந்தது. எதிர்வீட்டு மாதையன் எட்டிப் பார்த்தார்.

"என்ன சரவணா, ஊட்டுக்குள்ளயே கெணறா?"

"இல்லீங்க, புதையல் தேடறான்" என்றேன் நான்.

மழை விட்டும் குழிச்சுவர் காயவில்லை. தறி ஏற்ற முடியவில்லை. நானே பூவாத்தாளை ராசப்பன் கடைக்குக் கூட்டிப்போய், பின்கட்டில் அந்த மிஷினில் உட்கார வைத்தேன். அவள் தைத்த கூலியில்தான் அடுப்பு எரிந்தது. இந்தச் சோறு எங்கிருந்து வந்தது என்று ஒருநாளாவது அவன் கேட்டிருந்தால் கொஞ்சம் மதித்திருப்பேன்.

தை பிறந்து தறி ஏறியது. பூவாத்தாள் இன்றும் கடைக்குப் போகிறாள். நூல் கொண்டுவருகிறவர்கள் அவளை விசாரித்தால் என் தம்பி நிமிர்ந்து உட்காருவான்.

"முதல்ல உக்காந்து காட்டினவன் நான்தானுங்க. மிதிக்கறதை என்னையப் பாத்துத்தான் கத்துக்கிட்டா."

சொல்லும்போதே குழிக்குள் அவன் கால்கள் இடது, வலது, இடது என்று மிதித்துக்கொண்டிருக்கும்.