திரையில் தெரியாத படகு

நண்டுப் படகுக்காரன் பியோ மான்சிக் சரியான முரடன். கொரியாவின் மொக்போ துறைமுகத்தில் அவனிடம் அடி வாங்காதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீன் ஏலத்தில் தன்னைக் கிண்டல் செய்தவனை ஐஸ் பெட்டிக்குள் தலைகீழாகத் திணித்தவன். அவன் அடங்குவது ஒரே ஒருவனுக்குத்தான்: சரக்குக் கப்பலில் வேலை பார்த்த தம்பி யோங்சிக்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, பனிமூட்டத்தில் அந்தக் கப்பல் பாறையில் ஏறியது. முகப்பில் காவல் நின்ற யோங்சிக் நங்கூர இயந்திரத்தில் மோதி, மண்டை பிளந்து, அங்கேயே செத்தான். கப்பலை ஓட்டிய இளம் அதிகாரி ஒக் தேஜுன், எதிரே மீன்பிடிப் படகு நின்றதால்தான் திருப்பினேன் என்றான்.

விபத்து விசாரணையில் கப்பலின் மின்னணுக் கடல் வரைபடத்தைத் திரையில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. கப்பல் போன தடம், வேகம், திருப்பம் எல்லாம் நொடிக்கு நொடி பதிவாகியிருக்கும். மற்றப் படகுகளின் அடையாளக் கருவிகள் அனுப்பும் சிக்னல் முக்கோணமாகத் தெரியும். ஓட்டினேன். முக்கோணம் ஒன்றுகூட இல்லை. வாசலில் மான்சிக் காத்துக்கொண்டிருந்தான்.

“படகு இருந்துச்சாண்ணே?”

“படகாவது மண்ணாவது! அண்டப்புளுகு புளுகுறான்.”

என் பாழாய்ப்போன வாய்! மான்சிக் நேராகத் துறைமுகச் சாப்பாட்டுக்கடைக்குப் போனான். நண்டு வலை இழுக்கும் இரும்புக் கொக்கியைத் திருப்பிப் பிடித்துத் தேஜுனின் தாடையில் ஓங்கி அடித்தான். பற்கள் சூப்புக் கிண்ணத்தில் விழுந்தன. கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தான். நாலு பேர் சேர்ந்துதான் இழுக்க முடிந்தது.

மூன்றாம் நாள்தான் எனக்குப் புத்தி வந்தது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. சிக்னல் அனுப்பாத படகையும் காட்டும் ரேடார் பதிவை வரைபடத்தின் மேல் போட்டேன். கப்பலுக்கு நேர் எதிரே ஒரு மஞ்சள் பொட்டு.

ஜாமீனில் வந்த மான்சிக் அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தான். “அவன எப்ப உள்ள தள்ளுவீங்க? அது என்னண்ணே பொட்டு?”

“படகுடா. அடையாளக் கருவிய அமத்திட்டு நின்னுருக்கான், எவனோ நாசமாப்போறவன்.”

எங்கள் நண்டுக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். நல்ல இடம் ஒன்று தெரிந்துவிட்டால் மறுநாள் நாற்பது படகு வந்து நிற்கும். மான்சிக் திரையருகே குனிந்தான்.

“மணி என்னண்ணே அதுல?”

“ஆறு பத்து.”

“அது என் எடம்.” தரையில் உட்கார்ந்துவிட்டான். “ஹாரன் கேட்டுச்சுண்ணே. எவன்டா காலங்காத்தால ஊளையிடுறான்னு திட்டிட்டு வலைய இழுத்தேன்.”

எழுந்து படகுக்குப் போய் இன்னொரு கொக்கியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன். கொக்கியைத் தேஜுனின் படுக்கையில் வைத்தான்.

“அது என் படகுதான். அடிடா. என் தாடையையும் ஒட.”

கம்பியால் தாடை கட்டப்பட்டிருந்த தேஜுன் கைப்பேசியில் எழுதி நீட்டினான். நான்தான் படித்தேன்.

“‘முன்னால படகு, வலப்பக்கம் திருப்பு’ன்னு வாக்கிடாக்கியில கத்தினது உங்க தம்பிதான்.”

மான்சிக் அழவில்லை. கருவியை அணைத்த வலது கையைக் கட்டிலின் இரும்புக் கம்பியில் வைத்தான். இடது கையால் கொக்கியை ஓங்கி இறக்கினான். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. மறுபடியும் இறக்கினான். நான் சுவரோரம் மரமாக நின்றேன். அவனைத் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

மூன்றாவது முறை ஓங்கியபோது தேஜுன் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து அவன் காலைக் கட்டிக்கொண்டான். வாயைத் திறக்க முடியாமல் மூக்கால் எதையோ முனகினான். மான்சிக் கொக்கியைக் கீழே போட்டான்.