ஒன்பது மீட்டர் ஆழத்தில் ஒரு மேடு

முதலில் தோடு. பிறகு கொண்டை ஊசி, கைக்கடிகாரம், சாவிக்கொத்து, கடைசியாகக் கைப்பேசி. எல்லாவற்றையும் சாப்பாட்டு டப்பாவின் பிளாஸ்டிக் மூடியில் போட்டு, இருபது அடி தள்ளி ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வருகிறாள் என் தங்கை. வந்ததும் குனிந்து செருப்பின் அடியைத் தடவிப் பார்க்கிறாள். ஆணி இருக்கக் கூடாது. "இரும்பு பக்கத்துல வந்தாலே இதுக்கு மூக்கு வேர்த்துடும்" என்கிறாள், கருவியைக் காட்டி.

கருவி பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. நீளமான பிளாஸ்டிக் பட்டைகள் இரண்டு, அவற்றைத் தாங்கும் சறுக்குப் பலகை, மார்புக்கு நேரே ஒரு சிறு திரை. வாரை இடுப்பில் கட்டிக்கொண்டு சுண்ணாம்புக்கல் குவாரியின் தரையில் அதை இழுத்தபடி நடப்பாள். பட்டை பாறைக்குள் ரேடார் அலையை அனுப்பும். அடியில் அடுக்கு மாறினாலோ பொந்து இருந்தாலோ அலை திரும்பி வரும். போய்வந்த நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்லிவிடுவாள். குவாரி மேஸ்திரி தினமும் ஒரே கேள்வி கேட்பார்: "என்னம்மா, ஸ்கேன்ல ஆணா பொண்ணா?" இவளும் சளைக்காமல், "ரெட்டை, அண்ணே" என்பாள். எங்கள் அம்மாவுக்குத்தான் ஆற்றாமை. "மாப்பிள்ளை பாக்கலாம்னா, இது பாறை பாத்துட்டுத் திரியுது."

நான் தரை ஓடு பதிப்பவன். பதித்த ஓட்டை விரல்முட்டியால் தட்டி, அடியில் வெற்றிடம் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன். சின்ன வயதில் என் பின்னாலேயே வந்து தட்டுவாள். அந்தப் பழக்கம் போகவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருமுன் தரையில் இரண்டு தட்டு. அவளுடைய பேராசிரியர் வீட்டுக் கூடத்திலும் தட்டிப் பார்த்து, "இது எங்கண்ணன் போட்டதில்ல சார்" என்றாளாம். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. சிப்பியும் பவளமும் மடிந்து படிந்து இறுகியதுதான் இந்தப் பாறை. அந்த உயிர்கள் கட்டிய மேடு ஒன்று உள்ளே முழுசாகப் புதைந்திருக்கிறது என்று மூன்று வருடமாகத் தேடுகிறாள். போன மாதம் கிடைத்தது. திரையில், ஒன்பது மீட்டர் ஆழத்தில், கவிழ்த்த கிண்ணம் போல அழகான ஒரு வளைவு. அதன் உச்சிக்கு நேர் மேலே பாறையில் சிவப்பு வண்ணத்தால் பெருக்கல் குறி போட்டாள். துளையிட்டுப் பார்க்கக் குவாரிக்காரர் அனுமதி தந்தார். ஒரே ஒரு துளை, வரும் வியாழக்கிழமை. பவளம் வந்தால் மூன்று வருட உழைப்பு கரையேறும். வராவிட்டால் மறு துளை கிடையாது.

சனிக்கிழமை சாப்பிடும்போது, ஒரு கண்ணாடித் தாளை அந்த வளைவின் அச்சுப் படத்தின் மேல் வைத்தவள், பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தாளில் இரண்டு வளைவுகள் வரைந்திருந்தாள். அலை பாறைக்குள் போனால் இப்படி விரியும், காற்றில் போனால் இப்படி விரியும் என்று. காற்றில் அலைக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாம். கிண்ணம் காற்று வளைவின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் அந்த அலை பாறைக்குள் போகவே இல்லை, தரைக்கு மேலே எதிலோ பட்டுத் திரும்பியிருக்கிறது.

"அண்ணா, உன் முப்பது மீட்டர் டேப் வேணும். நாளைக்கு நீயும் வா."

ஞாயிற்றுக்கிழமை குவாரியில் ஆளில்லை. சிவப்புக் குறியின் மேல் டேப்பின் பூஜ்யத்தை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் மறுமுனையை இழுத்துக்கொண்டு ஓரத்தில் நின்ற இரும்பு விளக்குக் கம்பம் வரை போனாள். பாறையில் ஒன்பது மீட்டர் போய்வரும் நேரத்தில், அலை காற்றில் இருபத்தைந்துக்குக் கொஞ்சம் குறைவான தூரம் போய்வந்துவிடும் என்று வழியிலேயே கணக்குச் சொல்லியிருந்தாள்.

"இருபத்து நாலு, அறுபது" என்றாள்.

டேப்பில் மடிப்பு இருக்குமோ என்று நான் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். இல்லை. காதில் கிடந்த தோட்டைக்கூட விடாதவள், வானத்தைப் பார்த்து நின்ற கம்பத்தை விட்டிருக்கிறாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். துளை போட்டு வெறும் கல் வந்தால் பாறையின் மேல் பழி போட்டிருக்கலாம். அவள் நேராக மூடியிடம் போய்க் கைப்பேசியை எடுத்துப் பேராசிரியரைக் கூப்பிட்டாள். "சார், வியாழக்கிழமை நாம துளை போடப் போறது லைட் கம்பத்துக்கு."

அவர் நெடுநேரம் பேசினார். இவள் நின்றபடியே கேட்டாள். கம்பத்துக்கு எட்டாத மேற்கு மூலையில் கருவியை இழுத்துப் பார்த்த கோடு ஒன்று இருக்கிறது, படம் கலங்கலாக இருந்ததால் ஒதுக்கி வைத்திருந்தேன், புதன்கிழமை வரை நேரம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டாள். கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

ஒரு கல்லை எடுத்து, சிவப்புக் குறி முழுதும் அழியும்வரை தேய்த்தாள். பிறகு கருவியின் வாரை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைப்பேசியை மூடியில் போட்டு, மூடியை என் முன்னால் நீட்டினாள். டேப்பைப் போட்டேன், சாவியைப் போட்டேன். நீட்டிய கையை எடுக்கவில்லை. அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து, இடுப்பு பெல்ட்டையும் கழற்றிப் போட்டேன்.