அரக்கியின் நிறம்

திருவாலங்காட்டில் கரும்பு வெட்டும் துளசிங்கத்தின் மகள் சந்திரா, சிறுவயதில் நூலகத்துக் கதைப் புத்தகங்களையெல்லாம் படித்துத் தீர்த்தவள். எல்லாவற்றிலும் இளவரசி சிவப்பு, அரக்கி கறுப்பு. சந்திராவும் கறுப்பு.

இப்போது அவள் கே.ஜி.கண்டிகையில் அங்கன்வாடி டீச்சர். போன வாரம் அங்கே ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் நன்கொடையாக வந்தன. நாலு வயது யாழினி ஒரு படத்தின் மேல் விரலை வைத்து, "டீச்சர், இந்த அரக்கி நானு!" என்று சிரித்தாள்.

சந்திராவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நன்கொடை கொடுத்தவரின் திருத்தணிக் கடைக்குப் போனாள்.

"வெறும் படம்தானேம்மா? அதுக்கு ஏன் இவ்ளோ கோவம்?" என்றார் அவர்.

"இந்த மாதிரிப் படத்த நம்பித்தாங்க, பத்து வயசுல செங்கல்ல எடுத்து ரத்தம் வர்ற மாதிரி மூஞ்சியத் தேச்சிகினேன். எங்க புள்ளைங்களுக்கு இது வாணாம். நீங்களே வெச்சிக்கோங்க."

திரும்பும் வழியில், முருகனின் கோபம் தணிந்த மலை பஸ் ஜன்னலில் தெரிந்தது. அவளுக்குத் தணியவில்லை.

மறுநாள் புத்தகம் இல்லாமலே கதை சொன்னாள். இளவரசி என்ன நிறம் என்று ஒரு குழந்தை கேட்டது.

"யாழினி நெறம்" என்றாள் சந்திரா, வெடுக்கென்று.