மொட்டை மாடியில் கரி அடுப்பு

முடிச்சூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான் செயலாளராக இருந்தபோது, முதல் மாடிக்கு ஓர் இளம் தம்பதி குடிவந்தார்கள். கணவர் ஞாயிறு மாலைகளில் மொட்டை மாடியில் கரி போட்டு கிரில் அடுப்பு மூட்டி மீன் சுடத் தொடங்கினார். அதற்கு நேர்கீழே கடைசி மாடியில் தனியாக வசித்த ஓய்வுபெற்ற டீச்சருக்கு ஆஸ்துமா. புகை படிக்கட்டு வழியாக இறங்கி அவர் வீட்டுக்குள் போனது. சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார்.

மாடியில் துணி காயப்போட, வடாம் காயவைக்க எல்லாம் எங்களிடம் விதி இருந்தது. அடுப்புக்கு இல்லை. அதனால் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினோம்.

பேச்சு சீக்கிரமே தடம் மாறியது. வீட்டு உரிமையாளர் ஒருவர், புகையை விடுங்கள், மீன் வாடைதான் பிரச்சினை, பொது இடத்தில் அசைவமே கூடாது என்று எழுதிவிடலாம் என்றார். சிலர் தலையாட்டினார்கள். அந்த இளைஞர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர்தான் குறுக்கிட்டார்.

"மீனைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லல சார். எனக்குப் புகைதான் ஒத்துக்கல. என் கம்ப்ளெயின்ட்ட வேற எதுக்கும் எடுத்துக்காதீங்க."

அதன்பிறகுதான் இளைஞர் வாய் திறந்தார்.

"வொய்ஃப் முழுகாம இருக்காங்க. மூணு மாசம் முடியட்டும்னு யார்கிட்டயும் சொல்லல."

சமையலறையில் தாளித்தாலே அவளுக்கு வாந்தி வருகிறதாம். திறந்தவெளியில் காற்றாட உட்கார்ந்து, கரியில் சுட்ட மீன் சாப்பிட்டால் மட்டும் வயிற்றில் தங்குகிறது. அதற்காகவே ஞாயிறு தோறும் கோவளம் போய் மீன் வாங்கி வருகிறார். அசைவம் கூடாது என்றவர், சரி, புகைக்கு மட்டும் விதி எழுதுங்கள் என்றார்.

மொட்டை மாடியில் கரி கூடாது; பின்பக்கம் மதிலோரம் ஞாயிறு மாலை மட்டும் மூட்டலாம்; பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்க வேண்டும். இப்படி விதி எழுதினோம்.

அடுத்த ஞாயிறு காற்று எங்கள் விதியை மதிக்கவில்லை. மதிலோரப் புகை நேராக டீச்சர் ஜன்னலுக்கு ஏறியது. இருமல் சத்தம் கேட்டதுமே இளைஞர் வாளித் தண்ணீரை அடுப்பில் கவிழ்த்துவிட்டார். மீன் பாதிதான் வெந்திருந்தது. மனைவி தட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். ஈரக் கரியையும் அந்தத் தட்டையும் பார்த்தார்.

"இனிமே மூட்டறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லிடுப்பா. இரும்புலியூர்ல என் தங்கச்சி இருக்கா. அவ வீட்டுக்குப் போயிடறேன்."

அன்றிலிருந்து ஞாயிறு மாலையானால், இளைஞர் முதலில் டீச்சரை பைக்கில் ஏற்றி இரும்புலியூரில் விட்டுவிட்டு வந்துதான் தீ மூட்டுவார். இருட்டியதும் போய்க் கூட்டி வருவார்.

ஐந்தாம் மாதம் மசக்கை விட்டது. அவள் மறுபடி சமையலறைக்குள் போனாள். அந்த ஞாயிறு டீச்சர் வழக்கம்போல் பையோடு கேட்டருகே நின்றிருந்தார். இன்றைக்கு அடுப்பு இல்லை என்று இளைஞர் கூச்சத்தோடு சொன்னார்.

"அதனால என்ன? தங்கச்சி எனக்குக் காபி போட்டு வெச்சிருப்பா. வண்டிய எடு," என்றார் டீச்சர்.