அட்டை கிழித்த புத்தகம்

உள்ளறையில் கம்பி ஸ்டாண்டு 'கிறீச்' என்று சுழலும் சத்தம் கேட்டது. மனைவி தையல்நாயகி அதில் காயப்போட்ட துணிகளை எடுக்கிறாள் என்று சம்பத்துக்குத் தெரியும். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே அவர் மாத நாவல்களைச் செருகி விற்ற ஸ்டாண்டு அது. கடையை எடுக்கச் சொன்னபோது அதை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்தவன் அசரியா, அந்தக் கடையில் புத்தகம் வாங்கிய ஞானம்மாளின் தம்பி. அக்கா போன மாதம் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டதைச் சொல்லிவிட்டு, வந்த காரியத்துக்கு வந்தான். எண்பத்தேழில் அவள் எழுதிய ஒரே சிறுகதை, மாத நாவல் ஒன்றின் கடைசிப் பக்கங்களில் வந்ததாம். அப்பாவுக்குப் பயந்து மூச்சு விடவில்லையாம். பத்திரிகை ஆபீஸிலிருந்து பிரதியும் வரவில்லை. பத்திரிகையே நின்றுபோய்விட்டது.

"நீங்க எங்கயாவது எடுத்து வச்சிருப்பீங்கன்னு சொன்னாண்ணா."

சம்பத் உள்ளறைப் பக்கம் பார்த்தார்.

ஞானம்மாள் அப்போது பீர்க்கன்கரணையிலிருந்து தாம்பரத்துக்கு டைப்ரைட்டிங் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பெண். அந்த மாசத்துப் புத்தகம் ஒன்றைத் தனியாக வைக்கும்படி கேட்டாள், காரணம் சொல்லவில்லை. அவரும் ஸ்டாண்டின் கீழ்வரிசையில் வைத்தார். அவளோ காய்ச்சலில் படுத்துவிட்டாள். மாதம் முடிந்தால், விற்காத புத்தகங்களின் அட்டையை மட்டும் கிழித்து, கணக்கில் கழித்துக்கொள்ள ஏஜெண்டிடம் திருப்புவது வழக்கம். மற்றவற்றோடு அதையும் கிழித்தார். உள்பக்கங்களை அவளுக்கென்று ஓரமாக வைத்தவர்தான், வேர்க்கடலைக்காரர் பொட்டலம் மடிக்கக் காகிதம் கேட்டபோது கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தார்.

அவள் இளைத்துப்போய் வந்து நின்றாள். அட்டையில்லாத வேறொரு மாதத்துப் புத்தகத்தை நீட்டினார். அவள் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். மறுபடியும் புரட்டினாள்.

"இது இல்லண்ணா."

"எதுவா இருந்தா இன்னாம்மா? எல்லாத்துலயும் ஒரு பொண்ணு அழுவப்போவுது, கடைசில கல்யாணம் கட்டிக்கப்போவுது."

அவள் சிரித்தாள். அந்தப் புத்தகத்தையே மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். ஐயோ, அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பென்று ஒன்பது வருஷம் கழித்தல்லவா அவருக்குப் புரிகிறது!

எழுந்து உள்ளே போனார். இல்லை என்று தெரிந்தும் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கீழ்வரிசையில் ஒரு ஈரத்துண்டு தொங்கியது. என்ன தேடுகிறீர்கள் என்று தையல்நாயகி கேட்கும்போதே திரும்பி வந்தார்.

"இல்ல தம்பி. அந்தப் புத்தகத்த நான்தான்..."

"பரவால்லண்ணா. கிடைக்கலைன்னா உங்களக் கோச்சுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனா."

அசரியா செருப்பை மாட்டிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுத் தெருவில் இறங்கினான். அவன் முனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, சம்பத் கதவைச் சாத்தினார்.