உணர்விழந்த இரண்டு விரல்கள்

சூடான காபி டம்ளரைப் பிடித்ததில் என் சுண்டுவிரலில் கொப்புளம் எழும்பியிருந்தது. சுட்டதே எனக்குத் தெரியவில்லை. முதல் அறிகுறி அதுதான்.

திருச்சியில் கல்லூரி அணிக்கு வேகப்பந்து வீசியவன் நான். பி.ஏ. முடித்ததும் ஒரு கம்பெனி தன் கிரிக்கெட் அணிக்காக என்னை எடுத்துக்கொண்டது. பெயரளவுக்கு வெள்ளைக்கார மேனேஜர் துரையின் அறைக்கு வெளியே ஒரு மேஜை. சம்பளம் பந்து வீசுவதற்கு. மூன்றாம் ஆண்டில் பந்து பிடியிலிருந்து நழுவத் தொடங்கியது. கேப்டன் ராஜமாணிக்கம் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் பந்து போட வேண்டாம்."

அவருடைய மைத்துனரும் பந்து வீசுவார். எனக்கு உடனே அதுதான் தோன்றியது.

மருத்துவர் என் கண்களை மூடச் சொன்னார். "பஞ்சால தொடுறேன். தொடும்போது சொல்லுங்க." காத்திருந்தேன். பொறுமையிழந்து கண்ணைத் திறந்தபோது பஞ்சு என் மோதிரவிரல் மேலேயே இருந்தது. முழங்கை நரம்பு தடித்திருக்கிறது, குஷ்டம் (தோலையும் நரம்பையும் தாக்கும் நோய்) என்றார்.

கேப்டன் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். பெயரை மாற்றிச் சொல்லி இன்னொரு மருத்துவரிடம் போனேன். அவரும் பஞ்சைத்தான் எடுத்தார்.

"உங்களுக்கு வந்திருக்கறது மத்தவங்களுக்கு ஒட்டற வகை இல்ல. வாராவாரம் ஊசி போடணும். விட்டுடாதீங்க."

ஒட்டாது என்பதையும் நான் நம்பவில்லை. வியாழன்தோறும் நீரடிமுத்து எண்ணெய் (ஒரு மரத்தின் விதையிலிருந்து எடுப்பது) ஊசி. போட்ட இடம் நாலு நாள் கட்டியாகக் கனக்கும். ஸ்ரீரங்கத்து வீட்டில் மனைவி ரங்கநாயகி எங்கே கை கழுவுகிறாள், எதைத் தொடத் தயங்குகிறாள் என்று கவனித்தபடியே இருந்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"என்கிட்ட அருவருப்பா இருக்கா? மறைக்காம சொல்லு."

"தட்டைத் தனியா எடுத்து வச்சுண்டது நீங்கதான். கோதையைத் தூக்கி எட்டு மாசம் ஆறது. நம்ம குழந்தை என்ன தப்பு பண்ணித்து? சொல்லுங்கோ."



இனிப் பந்து வீச முடியாது என்றானதும் விலகல் கடிதம் வாங்கக் கம்பெனிக்குப் போனேன். காரணம் என்ற இடத்தில் 'தோள்பட்டைக் காயம்' என்று எழுதிக் கேப்டன் கையெழுத்திட்டிருந்தார். நோயின் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இதில் என்ன சூது என்று அப்போதும் இரண்டு முறை படித்தேன். எதிரே நின்ற கேப்டனுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நோய் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். இரு விரல்களுக்கும் உணர்ச்சி திரும்பவில்லை. உங்களுக்கும் இது வந்திருந்தால், ஊசியை நிறுத்தாதீர்கள். தினமும் காலையில் கைகளைக் கண்ணால் பாருங்கள். காயம் பட்டாலும் அவை சொல்லா.

ஊசி நின்ற பிறகும் என் வாரம் வியாழனில்தான் தொடங்குகிறது. மாலையில் கொள்ளிடக் கரையில் நடக்கும்போது கோதை அந்த இரண்டு விரல்களைத்தான் பிடித்துக்கொள்கிறாள். பிடித்திருக்கிறாளா என்பது குனிந்து பார்த்தால்தான் எனக்குத் தெரியும். சில அடிகளுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.